ஐந்தரை மணிக் காப்பி

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப்பின் வீட்டில் ஒரு வயதான குதிரைக்காரர் இருந்தார். குதிரைகளைப் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அதற்கு மேல் ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கொடுத்து டிராலப் இன்னொரு வேலையையும் அவரிடம் ஒப்படைத்திருந்தார். விடிவதற்கு முன் காப்பியோடு வந்து முதலாளியை எழுப்ப வேண்டும். முதலாளி எவ்வளவு கெஞ்சினாலும் இரக்கம் காட்டக் கூடாது. லண்டனுக்கு வடக்கே வால்தம் கிராஸ் என்ற ஊரில் குடியிருந்த ஆண்டுகளில் ஒரு நாள்கூட அந்தக் காப்பி தாமதமானதில்லை என்று டிராலப் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தன் வெற்றிக்கு வேறு எவரையும்விட அந்தக் கிழவருக்கே அதிகம் கடன்பட்டிருக்கக்கூடும் என்றும் சொல்கிறார். இதை அவர் வேடிக்கைக்காகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். முதல் அரை மணி நேரம், முந்தைய நாள் எழுதியதைக் காதுக்கு எப்படி இருக்கிறது என்று வாசித்துப் பார்ப்பது. பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்ற வேகத்தில் எழுதுவது. எட்டரைக்கு எழுந்து உடை மாற்றிக்கொண்டு காலை உணவுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு தபால் இலாகா உத்தியோகம். அதுவும் ஒப்புக்குப் பார்த்த வேலை இல்லை. பிரிட்டிஷ் தபால் துறை தெருவோரத்தில் தபால் பெட்டி வைக்கத் தொடங்கியது இவருடைய பரிந்துரையால்தான். 1852இல் ஜெர்சி தீவில் முதலில் வைத்துப் பார்த்தார்கள்.

நாவல் ஒன்றைத் தொடங்கும்போதே ஒரு நாட்குறிப்பில் வாரவாரியாகக் கட்டம் போட்டுக்கொள்வார். அன்றன்று எழுதிய பக்கங்களை அதில் பதிய வேண்டும். பக்கம் என்றால் 250 சொல். குத்துமதிப்பு கிடையாது, எண்ணித்தான் போடுவார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம். ரயிலில் போகும்போது மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதுவார், மனைவி அதைப் பிரதியெடுப்பார். எகிப்துக்குக் கப்பலில் போனபோது கடல் ஒத்துக்கொள்ளாமல் அடிக்கடி எழுந்து போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து ‘டாக்டர் தார்ன்’ நாவலை எழுதினார். அதை முடித்த மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டார். மொத்தம் 47 நாவல்கள். எழுத்தால் வந்த வருமானத்தையும் விட்டுவைக்கவில்லை. 68,939 பவுண்டு, 17 ஷில்லிங், 5 பென்ஸ் என்று சில்லறை வரைக்கும் கணக்குக் கொடுத்திருக்கிறார்.

இந்தச் சுயசரிதை அவர் இறந்த பிறகு 1883இல் வெளிவந்தது. இலக்கிய உலகம் முகம் சுளித்தது. கலை என்பது அருள் வந்து இறங்குவது என்று நம்பியிருந்தவர்களுக்கு, செருப்புத் தைப்பவர் ஒரு ஜோடியை முடித்ததும் அடுத்த ஜோடியை எடுப்பது போலத்தான் தானும் எழுதுகிறேன் என்று ஒருவர் சொன்னது பொறுக்கவில்லை. அவருடைய புகழ் சில பத்தாண்டுகள் மங்கியதற்கு இந்தப் புத்தகம்தான் காரணம் என்று இன்றைக்கும் சிலர் சொல்வதுண்டு.

டிராலப் இந்த ஒழுங்கைத் தன் வீட்டிலேயே கற்றிருக்க வேண்டும். அவருடைய அம்மா ஃபிரான்சஸ், கணவரின் வக்கீல் தொழிலும் பண்ணையும் படுத்துக்கொண்டிருந்த நிலையில், 1827இல் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். சின்சினாட்டி நகரில் ‘பஜார்’ என்று ஒரு பெரிய கட்டடத்தை எழுப்பி வியாபாரம் செய்து பார்த்தார். மொத்தமும் நஷ்டம். ஊரார் அந்தக் கட்டடத்துக்குக் கேலிப் பெயரே வைத்துவிட்டார்கள். கையில் ஒன்றுமில்லாமல் இங்கிலாந்து திரும்பியவர், அமெரிக்கர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று 1832இல் ஒரு புத்தகம் போட்டார். அது அவருடைய முதல் புத்தகம். அப்போது வயது 53. நன்றாக விற்றது. பிறகு கடன்காரர்களிடமிருந்து தப்பிக் குடும்பம் பெல்ஜியத்தின் புரூஷ் நகருக்கு ஓடியது. அங்கே மகனும் கணவரும் நோயில் கிடந்தார்கள். அவர்களுக்கு மருந்து கொடுத்தபடியேதான் ஃபிரான்சஸ் நாவல்களை எழுதினார். காலை நான்கு மணிக்கு மேஜைக்கு வந்து, வீடு விழிப்பதற்குள் முடித்துவிடுவது அவர் வழக்கம். 114 தொகுதிகள் எழுதினார் என்று மகன் கணக்குச் சொல்கிறார். கலையைத் தொழிலாகக் கொண்டு குடும்பத்தை நடத்திய ஒருவர், தொழிலில் ஒருமுறை மொத்தமாக விழுந்தவர் என்ற வகையில், அம்மா மகனைவிட ஒரு படி மேல்.

இவர்களைப் பற்றிப் படிக்கிற யாரும் சொல்வது, “என்ன ஒரு மன உறுதி!” என்பதுதான். மன உறுதியைப் பற்றி உளவியல் சொல்வதை முதலில் பார்த்துவிடலாம்.

1998இல் ராய் பாமைஸ்டரும் உடன் ஆய்ந்தவர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். சுடச்சுடச் சாக்லேட் பிஸ்கட் மணக்கும் அறையில் சிலரை உட்காரவைத்து, பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கியைத் தின்னச் சொன்னார்கள். பிறகு ஒரு புதிர். முள்ளங்கிக்காரர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரமே கைவிட்டார்கள். மன உறுதி செலவழித்தால் தீர்ந்துபோகும் கையிருப்பு என்ற கொள்கை இதிலிருந்து பிறந்தது, பிரபலமும் ஆயிற்று. 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, 2,000 பேருக்கு மேல் வைத்து, இதே கருத்தைச் சோதித்தன. விளைவு ஏறக்குறைய பூஜ்யம். சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது 2012இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழு செய்த வேலை. இருநூறு சொச்சம் பேரிடம் ஒரு கருவியைக் கொடுத்தார்கள். அது ஒலிக்கும்போதெல்லாம் இப்போது என்ன ஆசை எழுகிறது, அதை எதிர்த்துப் போராடுகிறீர்களா என்று பதிய வேண்டும். சுயகட்டுப்பாடு மிக்கவர்கள்தான் அதிகம் போராடியிருப்பார்கள் என்று எதிர்பார்ப்போம். நேர்மாறாக இருந்தது. அவர்களுக்குப் போராட்டங்களே குறைவாக வந்தன. 2015இல் பிரையன் கல்லா, ஏஞ்சலா டக்வர்த் இருவரும் காரணத்தைச் சற்றுத் தெளிவாக்கினார்கள். கட்டுப்பாடு உள்ளவர்கள் என்று நாம் நினைப்பவர்களிடம் இருப்பது பெரும்பாலும் நல்ல பழக்கங்கள். போராட வேண்டிய இடத்துக்கே அவர்கள் வருவதில்லை.

குதிரைக்காரருக்குக் கொடுத்த ஐந்து பவுண்டு இங்கேதான் அர்த்தமாகிறது. எழுவதா வேண்டாமா என்ற விவாதம் விடியற்காலையில் தன் தலைக்குள் நடந்தால் யார் ஜெயிப்பார்கள் என்று டிராலப்புக்குத் தெரியும். விவாதத்தையே வீட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்.

சம்பள வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிற வடிவமைப்பாளர், புகைப்படக்காரர், வீடியோ எடிட்டர், நகை செய்பவர் எல்லோருமே முதல் ஆண்டில் ஒரே புகாரைச் சொல்கிறார்கள். “ஆபீஸில் இருந்தபோது பத்து மணிக்கு டாணென்று உட்கார்ந்துவிடுவேன். இப்போது நேரம் முழுக்க என்னுடையது, ஆனால் பதினோரு மணி வரை போனைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறேன்.” சோம்பேறியாகிவிட்டோமோ என்று கவலைப்படுகிறார்கள். அப்படியில்லை. வெண்டி வுட் என்ற உளவியலாளர், ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய மாணவர்களைப் பின்தொடர்ந்து 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். உடற்பயிற்சி, செய்தித்தாள் வாசிப்பு, டிவி பார்ப்பது ஆகிய மூன்றும் புதிய இடத்தில் என்ன ஆயின என்பது கேள்வி. பழைய இடத்தைப் போன்ற சூழ்நிலை புதிய இடத்திலும் வாய்த்தவர்களிடம் பழக்கம் பிழைத்தது. சூழ்நிலை மாறியவர்களிடம் அது தானாக நடப்பது நின்றது. செய்ய வேண்டும் என்று நினைத்தால்தான் செய்தார்கள்.

பழக்கம் என்பது ஆளுக்குள் இருப்பது பாதி. நாற்காலி, வாசல், பஸ், மணி, பக்கத்து மேஜைக்காரர் இவற்றில் இருப்பது மீதி. வேலையை விட்டவர் தன் ஒழுங்கில் பாதியை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதைத் தேடித் தன் குணத்துக்குள் துழாவிப் பயனில்லை.

ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமி இதை அனுபவத்தில் கண்டவர். 1974இல் டோக்கியோவில் ஜாஸ் இசை ஒலிக்கும் மதுக்கடை ஒன்றைத் தொடங்கி நடத்தியவர் அவர். முதல் நாவல்களைக் கடை மூடிய பிறகு நள்ளிரவில் சமையலறை மேஜையில் எழுதினார். 1981இல் கடையை விற்றுவிட்டு முழுநேர எழுத்தாளரானதும் உடம்பு பெருத்தது, ஒரு நாளைக்கு 60 சிகரெட் ஆனது. கடை அவரை நிற்கவைத்தது, நடக்கவைத்தது, மூட்டை தூக்கவைத்தது; அதெல்லாம் போய்விட்டது. ஊரைவிட்டுத் தள்ளிக் குடியேறி, விடியற்காலையில் எழுந்து எழுதுவது, இரவு பத்துக்குள் படுப்பது, நாளும் ஓடுவது என்று புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டியிருந்தது. இரவு விருந்துகளுக்கு வராததால் மனத்தாங்கல் கொண்ட நண்பர்களும் உண்டு.

சரி, பழக்கம் என்ற ஒன்று மூளையில் எப்படி இருக்கிறது?

மூளையின் அடியாழத்தில் பேசல் கேங்லியா என்ற நரம்புத் திரள்கள் உண்டு. அவற்றில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர் எம்.ஐ.டி.யின் ஆன் கிரேபீல். 1999இல் வெளியான ஆய்வில், ‘டி’ எழுத்து வடிவப் பாதையில் எலிகளை ஓடவிட்டார்கள். ஒரு ஒலி கேட்டால் இடப்பக்கம், வேறொன்று கேட்டால் வலப்பக்கம். சரியாகத் திரும்பினால் சாக்லேட். கற்றுக்கொள்ளும் நாட்களில் அந்தப் பகுதியின் நரம்பணுக்கள் ஓட்டம் முழுவதும் சலசலத்தன. பாதை பழகியதும் நிலைமை மாறியது. ஓடத் தொடங்கும்போது ஒரு வெடிப்பு, முடிக்கும்போது இன்னொரு வெடிப்பு, நடுவில் அமைதி. முன்னும் பின்னும் அடைப்புக்குறி போட்டு, உள்ளே இருப்பதை ஒரே பொட்டலமாக மூளை கட்டிவிடுகிறது.

இந்த இடத்தில் சுயமுன்னேற்றப் புத்தகங்கள் கைதட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். ஆனால் பழக்கத்துக்கு ஒரு கெட்ட பக்கம் உண்டு. படைப்புத் தொழிலில் இருப்பவருக்கு முக்கியம் அந்தப் பக்கம்தான்.

1980களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் கிறிஸ்டோபர் ஆடம்ஸ், ஆண்டனி டிக்கின்சன் இருவரும் எலிகளுக்கு ஒரு நெம்புகோலை அழுத்தினால் சர்க்கரை உருண்டை கிடைக்கும் என்று கற்பித்தார்கள். பிறகு தனியாக அந்த உருண்டையைக் கொடுத்து, கூடவே வயிற்றைப் புரட்டும் மருந்தையும் செலுத்தினார்கள். எலிகளுக்கு உருண்டையே வெறுத்துப்போனது. மறுபடி நெம்புகோலிடம் விட்டால்? கொஞ்சமே பயிற்சி பெற்ற எலிகள் அழுத்துவதைக் குறைத்துக்கொண்டன. இப்போது பிடிக்காத ஒன்றுக்காக யார் உழைப்பார்கள்? ஆனால் நூற்றுக்கணக்கான தடவை அழுத்திப் பழகிய எலிகள் அழுத்திக்கொண்டே இருந்தன. பயன் போய்விட்டது, செயல் நிற்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் பழக்கத்துக்கு வைத்திருக்கும் அளவுகோலே இதுதான். விளைவு மாறினாலும் தான் மாறாதது எதுவோ அது பழக்கம்.

எலியோடு நிற்கவில்லை. 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், டேவிட் நீல், வெண்டி வுட் குழுவினர் திரையரங்குக்கு வந்தவர்களுக்குப் பாப்கார்ன் கொடுத்தார்கள். சிலருக்கு அப்போது பொரித்தது, சிலருக்கு ஏழு நாள் பழையது. பழையது நமத்துப்போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனாலும் படம் பார்க்கும்போது பாப்கார்ன் தின்னும் பழக்கம் உறுதியாக இருந்தவர்கள் புதியதை எவ்வளவு தின்றார்களோ அதே அளவு பழையதையும் தின்றார்கள். அதே ஆட்களைப் போன்றவர்களை ஒரு கூட்ட அறையில் உட்காரவைத்துக் கொடுத்தபோது அப்படி நடக்கவில்லை. திரையரங்கிலேயே, வழக்கமாகப் பயன்படுத்தாத கையால் சாப்பிடச் சொன்னபோதும் நடக்கவில்லை.

ஒரே பாணியில் நானூறாவது கல்யாண ஆல்பத்தை முடிக்கிற புகைப்படக்காரரையும், ஒரே வகை முன்னோட்டத்தோடு ஒவ்வொரு வாரமும் வீடியோ போடுகிற யூடியூபரையும் நினைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர்களுக்கு நமத்துப்போய் வெகுநாள் ஆகியிருக்கும். கை மட்டும் போய்க்கொண்டிருக்கும். ‘தினமும் செய், விடாமல் செய்’ என்ற அறிவுரை முழு உண்மை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். எதைத் தினமும் செய்வது? தொடக்கத்தைப் பழக்கமாக்குவது வேறு, வேலையையே பழக்கமாக்குவது வேறு. உட்காரும் நேரம், இடம், முதல் அசைவு ஆகியவை யோசனையில்லாமல் நடக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு நடப்பது ஒவ்வொரு நொடியும் யோசனையோடு நடக்க வேண்டும். இது எலிச் சோதனைகள் நேரடியாக நிரூபித்த முடிவு அல்ல, அவற்றை வைத்து நான் செய்துகொள்ளும் ஊகம். ஆனால் நீடித்து நின்ற கலைஞர்களைப் பார்த்தால் ஊகம் பொருந்துகிறது.

கர்நாடக இசைக் கச்சேரி இதை அரங்கத்திலேயே செய்து காட்டுகிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைபெறச் செய்த கச்சேரி முறையில், வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிப்பார்கள். வர்ணத்தில் மனோதர்மத்துக்கு வேலை இல்லை. ஆயிரம் தடவை சாதகம் செய்த உருப்படி. குரல் பிடிபடும், விரல் இளகும், பக்கவாத்தியத்தோடு காலப்பிரமாணம் ஒட்டும். ஆலாபனையும் நிரவலும் கற்பனைஸ்வரமும் அதற்கப்புறம். அன்றைக்குப் பாடப்போகும் தோடி நேற்றைய தோடியாக இருக்கக் கூடாது. ஆனால் தொடங்குவதற்கான வர்ணத்தை யாரும் மேடையில் உட்கார்ந்து யோசிப்பதில்லை.

நடன இயக்குநர் ட்வைலா தார்ப் நியூயார்க்கில் பல ஆண்டுகள் காலை ஐந்தரைக்கு எழுந்து, உடற்பயிற்சி உடை மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கி டாக்சி பிடித்து ஜிம்முக்குப் போவார். தன் சடங்கு ஜிம்மில் செய்யும் பயிற்சி அல்ல, அந்த டாக்சிதான் என்று எழுதியிருக்கிறார். ஓட்டுநரிடம் இடத்தைச் சொன்ன கணத்தோடு சடங்கு முடிந்தது. எவ்வளவு சின்னச் செயல் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட தொடக்கத்தை மனத்தில் பதியவைக்க உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஒரு எளிய வழியைச் சோதித்தார். 1997இல் வெளியான ஆய்வு அது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்புவதாக மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பண்டிகை நேரம், வீடு நிறைய ஆட்கள். பாதிப் பேரிடம் மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே முடிவுசெய்து குறிக்கச் சொன்னார்கள். அப்படிக் குறித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நேரத்துக்கு அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒருவர்தான். இருசாராருக்கும் ஆசை சமம். ‘நாளைக்கு லோகோவை முடிக்கணும்’ என்பதற்கும் ‘பிள்ளையை ஸ்கூலில் விட்டு வந்ததும் மாடி அறையில் உட்கார்ந்து லோகோ கோப்பைத் திறப்பேன்’ என்பதற்கும் உள்ள இடைவெளி அது.

ஆனால் அட்டவணைபோட்டு உட்கார்ந்தால் கற்பனை வருமா? கலைஞர்களின் மிகப் பழைய ஆட்சேபம் இது. ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் இதை நேரடியாகவே சோதித்து 1983இல் வெளியிட்டார். எழுதத் திணறிக்கொண்டிருந்த 27 கல்லூரி ஆசிரியர்கள். ஒரு பிரிவினர் அவசரம் தவிர வேறு எதற்கும் எழுதக் கூடாது. இரண்டாம் பிரிவினர் மனம் வந்தால் எழுதலாம். மூன்றாம் பிரிவினர் குறித்த நேரத்தில் எழுதியே ஆக வேண்டும். தவறினால், அவர்கள் அறவே வெறுக்கும் ஓர் அமைப்புக்கு அவர்கள் பணத்திலிருந்தே காசோலை போகும். (இந்தத் தண்டனையைக் கண்டுபிடித்தவருக்குத் தனியாக ஒரு பரிசு கொடுக்கலாம்.) நாளொன்றுக்கு முதல் பிரிவு 0.2 பக்கம், இரண்டாவது 0.9, மூன்றாவது 3.2. அதில் ஆச்சரியமில்லை. புதிய யோசனைகள் எத்தனை நாளுக்கு ஒருமுறை தோன்றின என்றும் எல்லோரும் குறித்துவந்தார்கள். எழுதாமல் காத்திருந்தவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒன்று. மனம் வந்தபோது எழுதியவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று. கட்டாயத்தில் எழுதியவர்களுக்கு நாளுக்கு ஒன்று. 27 பேர் என்பது மிகச் சிறிய கூட்டம். பெரிய தீர்ப்பு எழுத அது போதாது. ஆனால் காத்திருந்தால் யோசனை வரும் என்ற நம்பிக்கைக்கு ஆதரவாக இவ்வளவுகூட ஆதாரம் இல்லை.

உட்கார்ந்த பிறகு எழுந்துவிடத் தோன்றுவதைப் பற்றியும் ஒரு தகவல். பிரையன் லூகஸ், லோரன் நார்ட்கிரென் இருவரும் 2015இல், யோசனைகளை அடுக்கிக்கொண்டே வருபவர்களைப் பாதியில் நிறுத்தி, இன்னும் எத்தனை தோன்றும் என்று கேட்டார்கள். சொன்னதைவிட அதிகம் தோன்றியது. மேடைகளில் நகைச்சுவை செய்து பிழைப்பவர்களும் இப்படியே குறைத்து மதிப்பிட்டார்கள். சரக்கு தீர்ந்துவிட்டது என்ற உணர்வு வந்த பின்னும் சரக்கு மிச்சமிருக்கிறது. தொடக்கம் மட்டுமல்ல, முடிக்கும் நேரமும் முன்பே தீர்மானிக்கப்பட்டிருப்பதன் லாபம் இது. டிராலப் எட்டரை வரை மேஜையை விட்டு எழுவதில்லை.

‘பீப்பிள்’ என்ற பெயரில் இயங்கும் அமெரிக்க டிஜிட்டல் ஓவியர் மைக் விங்கிள்மன் 2007 மே 1இல் ஒரு விதி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் ஒரு படத்தைத் தொடங்கி அன்றே முடித்து வெளியிடுவது. முதல் 5,000 நாட்களின் படங்களைச் சேர்த்த தொகுப்பு 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.93 கோடி டாலருக்குப் போனது. தொடர்ந்து செய்தால் கோடி கிடைக்கும் என்பதற்கு இதை மேற்கோள் காட்டுகிறார்கள். நான் காட்ட மாட்டேன். அது என்எஃப்டி என்ற டிஜிட்டல் உரிமைச் சான்றுகள் மீதான பைத்தியம் உச்சத்தில் இருந்த மாதம். 5,000 நாள் வரைந்தும் யாரும் வாங்காதவர்களை நமக்குத் தெரியாது. அவரிடம் கவனிக்க வேண்டியது வேறு. தினமும் ஒன்று என்ற சட்டகத்தை மாற்றவில்லை, ஆனால் அவ்வப்போது புதிய மென்பொருளையோ முறையையோ எடுத்துக்கொண்டு சட்டகத்துக்குள் மீண்டும் மீண்டும் கற்றுக்குட்டி ஆனார். வழக்கமாகப் பயன்படுத்தாத கையால் பாப்கார்ன் தின்பது போலத்தான்.

பழக்கம் உறைய வெகுமதி வேண்டும், அதுவும் உடனே வேண்டும். இங்கே படைப்புத் தொழில் சரியாகக் காலை வாருகிறது. வேலை முடித்து இன்வாய்ஸ் அனுப்பி, நினைவூட்டி, மறுபடி நினைவூட்டி, பணம் வர மூன்று மாதம் ஆகலாம். அந்தப் பணத்தை அன்றைய காலையோடு இணைக்க மூளைக்கு வழியில்லை. மூளையில் வெகுமதிக்கு எதிர்வினை காட்டும் டோபமின் அணுக்களை ஆராய்ந்த உல்ஃபிராம் ஷுல்ட்ஸின் குரங்குகளுக்குப் பழச்சாறு நொடிகளில் கிடைத்தது. போனில் விழும் லைக்கும் நொடிகளில், அதுவும் எப்போது விழும் என்று தெரியாதபடி கிடைக்கிறது. எந்தப் பழக்கம் முந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டிராலப்பின் பக்கக் கணக்கு வெறும் கஞ்சத்தனமான பதிவேடு அல்ல என்பது இதனால்தான். எட்டரைக்கு ஒரு எண்ணை எழுதும்போது அன்றைய உழைப்புக்கு அன்றே கூலி கிடைத்துவிடுகிறது. ஹார்வர்டின் டெரேசா அமபிலே, ஏழு நிறுவனங்களில் 238 பேர் எழுதிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளை அலசினார். நல்ல நாள் என்று அவர்கள் உணர்ந்த நாட்களில் அதிகம் காணப்பட்டது பாராட்டோ பணமோ அல்ல, அர்த்தமுள்ள வேலை ஒன்று கொஞ்சம் நகர்ந்தது என்பதுதான். நகர்ந்ததைக் கண்ணால் பார்க்க ஏதாவது ஒன்று வேண்டும்.

தமிழில் இந்தத் தொழிலின் இரு பக்கத்தையும் ஒரே ஆளாகத் தாங்கியவர் என்றால் கல்கியைத்தான் சொல்ல வேண்டும். ஆனந்த விகடனில் ஆசிரியராகச் சம்பளம் வாங்கியவர், 1941இல் டி.சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தப் பத்திரிகை தொடங்கினார். சதாசிவத்தின் மனைவியும் பாடகியுமான எம்.எஸ்.சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்து வந்த பணம் முதலுக்கு உதவியது. 1950 அக்டோபரிலிருந்து 1954 வரை அதில் ‘பொன்னியின் செல்வன்’ வாராவாரம் வந்தது. அச்சகம் காத்திருக்கும், ஓவியர் மணியம் காத்திருப்பார், ஏஜென்டுகள் காத்திருப்பார்கள். டிராலப்புக்கு ஒரு குதிரைக்காரர் என்றால் கல்கிக்கு ஊரே. சொந்தத் தொழிலில் மேலதிகாரி இல்லை என்பது உண்மை. ஆனால் யாரும் காத்திருக்காத தொழிலில் ஒழுங்கு நிற்பது அரிது. பணம் வராத சொந்த முயற்சிக்குக்கூட, வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன் என்று ஒருவரிடம் சொல்லிவைப்பது அதனால் உதவுகிறது.

சொல்லிவைக்கும்போது எந்த வெள்ளிக்கிழமை என்பதில் கொஞ்சம் எச்சரிக்கை. 1994இல் ரோஜர் பியூலர் குழு, ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த 37 மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டது. சராசரி பதில் 33.9 நாள். எல்லாமே கெட்டுப்போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். மிக மோசமான கற்பனையைவிட நிஜம் ஒரு வாரம் மோசம். வாடிக்கையாளரிடம் தேதி சொல்லும் முன், இதே மாதிரி வேலை போன தடவை எத்தனை நாள் எடுத்தது என்று பழைய பதிவைப் பார்ப்பது ஒன்றே மருந்து. படைப்பில் சேராத கணக்கு, ஜிஎஸ்டி, விலைப்பட்டியல் அனுப்புவது போன்றவற்றுக்கு இந்த அத்தியாயத்தின் தத்துவம் எதுவும் தேவையில்லை. அவை முழுக்க முழுக்கப் பழக்கமாகலாம். வாரத்தில் ஒரு மதியத்தை அவற்றுக்கு ஒதுக்கி மூளையை அணைத்துவிட்டுச் செய்யலாம்.

எத்தனை நாளில் பழக்கம் படியும்? 21 நாள் என்ற எண் எங்கும் உலவுகிறது. அதன் வேர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகம். நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்று அவர் எழுதியது, கைமாறிக் கைமாறி இப்படி ஆகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து கண்டது, நடுமதிப்பாக 66 நாள். பழக்கம் வளரும் வளைகோட்டை நீட்டிக் கணித்தபோது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. ஒரு குவளைத் தண்ணீர் குடிப்பது விரைவில் படிந்தது, உடற்பயிற்சி இழுத்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் வளைகோடு பெரிதாகச் சரியவில்லை என்பதும் அந்த ஆய்வில் உண்டு. சங்கிலி அறுந்தால் எல்லாம் போச்சு என்று பயமுறுத்துகிறவர்களுக்கு இது தெரியாது போலும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் நாலு நாள் விடுபட்டால், திரும்பிவந்த காலையில் அதே நேரம், அதே நாற்காலி, அவ்வளவே.

கடைசி அடைப்புக்குறி ஒன்று பாக்கி. சொந்தத் தொழிலில் இருப்பவருக்கு ஆபீஸ் மூடுவதே இல்லை. பாதியில் நிற்கும் வேலை படுக்கைக்கும் கூடவே வருகிறது. 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 இளைஞர்களை ஆய்வகத்தில் தூங்கவைத்தது. விளக்கணைக்கும் முன் ஐந்து நிமிடம் எழுத வேண்டும். பாதிப் பேர் அன்று முடித்த வேலைகளை, மீதிப் பேர் அடுத்த நாட்களில் செய்ய வேண்டியவற்றை. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்பாகவே தூங்கிப்போனார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. முடித்த வேலைகளை விவரமாக எழுதியவர்களுக்கு நேர்மாறு, எழுத எழுதத் தூக்கம் தள்ளிப்போனது. ஆகவே டிராலப்பின் பக்கக் கணக்கை மேஜையை விட்டு எழும்போதே போட்டுவிடுவது நல்லது. இரவுக்கு நாளைய வேலையில் முதல் வரி போதும்: எந்தக் கோப்பு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில்.